துப்பாக்கிக்கு நடுவே பாட்டு எதற்கு?

கேள்வி: 'ரியோ பிராவோ' (1959) கௌபாய் படத்தை இப்படிப் புகழ்கிறீர்களே! பாதிப் படம் அரட்டையும் கிழவரின் புலம்பலும்தான். அப்புறம் ஒரு காதல். போதாததற்குச் சிறைக்குள் பாட்டு. 'ஹை நூன்' மாதிரி கச்சிதமாக எடுத்திருக்கக் கூடாதா?

பதில்: 'ஹை நூன்' நல்ல படம், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. ஆனால் அந்தப் படம் பிடிக்காமல் போனதால்தான் ஹோவர்ட் ஹாக்ஸ் இதை எடுத்தார். அதில் கேரி கூப்பர் ஊர் முழுக்க உதவி கேட்டு அலைகிறார். வேலை தெரிந்த ஷெரீப் (ஊர்க் காவல் அதிகாரி) அப்படி அலைய மாட்டான் என்பது ஹாக்ஸின் கட்சி. இங்கே ஷெரீப்பாக வரும் ஜான் வெய்ன், வலிய வரும் உதவியையே வேண்டாம் என்கிறார். அவருக்கு மிஞ்சுவது ஒரு குடிகாரன், காலை இழுத்து நடக்கும் ஒரு கிழவர், பிறகு வந்து சேரும் ஒரு இளைஞன்.

கொலைகாரனைப் பிடித்து அடைத்தாயிற்று. மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் வரும்வரை காவல் காக்க வேண்டும். வெளியே அவன் அண்ணன் கூலிக்கு அமர்த்திய ஆட்கள். கதை இவ்வளவுதான், முழுக்கக் காத்திருப்பு. காத்திருப்பவர்கள் பேசாமல், சீண்டாமல், பாடாமல் வேறென்ன செய்வார்கள்?

கிழவரின் புலம்பலுக்குச் சிரித்தீர்கள் அல்லவா? அதே கிழவர்தான், குளித்துச் சவரம் செய்து புது ஆளாக உள்ளே வரும் சொந்தக் கூட்டாளியை அடையாளம் தெரியாமல் சுட்டுவிடுகிறார். தொப்பியோடு போயிற்று. அதுவரை நாம் சிரித்ததால்தான் அந்த வெடிச்சத்தம் அப்படித் தூக்கிப்போடுகிறது.

குடிகாரனாக நடித்த டீன் மார்ட்டினை இன்னொரு முறை கவனியுங்கள். தொடக்கத்தில் எச்சில் கலயத்துக்குள் எவனோ எறிந்த வெள்ளிக் காசுக்காகக் கை நீட்டுகிறவர் அவர். அந்தக் காட்சியில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நடுக்கத்தில் அவரால் சிகரெட் சுருட்ட முடியாது. வெய்ன் ஒன்றும் சொல்லாமல், தான் சுருட்டியதை நீட்டுவார். கடைசியில் தோற்றுப்போய்க் கோப்பையில் விஸ்கியை ஊற்றிவிடுகிறார். அப்போது எதிரிகள் மிரட்டலுக்காக வாசிக்கச் சொன்ன 'டெகுவெய்யோ' இசை வெளியே கேட்கிறது. விஸ்கியைத் திரும்பப் புட்டியில் ஊற்றுகிறார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

நீங்கள் குறை சொல்லும் பாட்டு இதற்குப் பிறகுதான் வருகிறது. நடுங்கிக் கிடந்த மனிதன் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, தொப்பி முகத்தை மறைக்கப் பாடுகிறான். அந்த இளைஞனாக வரும் ரிக்கி நெல்சன் கிட்டாரோடு சேர்ந்துகொள்கிறார். அதை வெட்டினால் அவன் மீண்டுவிட்டான் என்பதை எதை வைத்துக் காட்டுவது?

காதலையும் விட்டுவிட மாட்டேன். துப்பாக்கிக்கு அஞ்சாத வெய்ன், ஆஞ்சி டிக்கின்சன் நாலு வார்த்தை பேசினாலே திணறிப்போகிறார். அவரை அப்படிப் பார்க்க வேறெங்கே வாய்க்கும்?

இன்னொரு முறை பாருங்கள். பாட்டு வரும்போது ஓட்டிவிடாதீர்கள். வெய்ன் பாடவில்லை. கையில் காபிக் குவளையோடு ஓரமாக நின்று சிரிக்கிறார். அந்த முகத்தை மட்டும் பாருங்கள்.