பாக்கி வசூல்

அன்புள்ள ஐயா,
காலாப்பட்டில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பண்ருட்டி. புதுச்சேரி ஸ்வீட் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஆப் மூலம் முந்திரி சப்ளை செய்யும் ஸ்டார்ட்அப்பை நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்கப்போகிறோம். முதலீட்டாளர்களிடம் காட்டும் ஸ்லைடுகள், அதாவது பிட்ச் டெக், தயார். கடலூர்க்காரர் ஒருவர் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பூவைத் தொடங்கவில்லையா? அப்பாவோ வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். படிப்பை விட்டுவிடலாமா?

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். இருப்பது சில மாதம், முடித்துத் தொலையுங்கள். வங்கித் தேர்வு உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை. பண்ருட்டியில் பிறந்துவிட்டு முந்திரியை மறக்காமல் இருக்கிறீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த 15,000 ரூபாய்! எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சி.கே. ரங்கநாதன் 1983-இல் அந்தப் பணத்தோடு தனியாகத் தொழில் தொடங்கியது உண்மைதான். அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷே என்ற சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? பையன் தொழிலுக்குள்ளேயே வளர்ந்தவர். அப்படியும் ஐந்து காலி சாஷே கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்று கடை கடையாகத்தான் அவர் பிடிக்க வேண்டியிருந்தது.

என் மாமா திருப்பாதிரிப்புலியூர் கடைகளுக்கு முந்திரிப் பருப்பு போட்டுக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் நானும் லைனுக்குப் போவேன். கடைக்காரர் ஒரு பருப்பை வாயில் போட்டு மென்று, "நமுத்திருக்கே" என்பார். விலை குறையும். அது பரவாயில்லை. பழைய பாக்கியைக் கேட்டால் "முதலாளி வெளியே போயிருக்கார்" என்று பதில் வரும். முதலாளியின் செருப்பு வாசலிலேயே கிடக்கும். மாமா கோபப்பட மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார், பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார், எழுந்திருக்கவே மாட்டார். கடைசியில் பாதிப் பணம் வரும். சட்டைப்பையிலிருந்து சிட்டையை எடுத்து மீதியைப் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

கொட்டையைச் சீசனில் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொட்டை உடைத்து, அதன் தோல் எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன பெண்கள் சனிக்கிழமை கூலிக்கு நிற்பார்கள். அவர்களிடம் "அடுத்த வாரம்" என்று சொல்ல முடியுமா? கடைக்காரர் மட்டும் அதைத்தான் சொல்வார். இந்த இடைவெளியில்தான் தொழில் செத்துப்போகிறது. உங்கள் ஆப் ஆர்டர் வாங்கித் தரும், சரி. அந்த வாசலில் யார் போய் உட்காருவது? மூன்று நிறுவனர்களில் ஒருவர்கூட இதற்குத் தயாரில்லை என்றுதான் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

இந்த வாரமே பத்து கிலோ எடுத்துக்கொண்டு நாலு கடைக்குப் போங்கள். அப்புறம் பில் போட்ட தேதியையும் காசு கைக்கு வந்த தேதியையும் எழுதி அனுப்புங்கள். பிட்ச் டெக் வேண்டாம்.