இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்த டச்சுத் தந்தையின் சேவை விவரங்களை எங்கே, எப்படித் தேடுவது?

என் கணவர் டச்சுக்காரர். அவருடைய அப்பாவும் போர்க்கால விமானிதான். எனக்குத் திருமணமாகும் முன்பே மாமா காலமாகிவிட்டார், அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய போர்க்காலத்தைத் தேடிச் சேர்க்க எங்களுக்கு மூன்று வருடங்கள் பிடித்தன. அதில் முதல் வருடம் முழுக்க வீண். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணவருக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயம்: அப்பா விமானப்படையில் இருந்தார், சீனாவில் பறந்தார். அதை நம்பி ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்று பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கணவர் உடைந்துபோனார். அப்பா பொய் சொன்னாரா என்றுகூட ஒரு நாள் கேட்டார்.

பொய் இல்லை. நெதர்லாந்தின் விமானப்படை தனிப்படையானதே 1953-இல்தான். போர்க்காலத்தில் டச்சு விமானிகள் மூன்று இடங்களில் இருந்தார்கள். தரைப்படையின் விமானப் பிரிவு ஒன்று. கடற்படையின் விமானப் பிரிவு ஒன்று, எம்எல்டி என்பார்கள். மூன்றாவது, இன்றைய இந்தோனேசியாவில் இருந்த காலனிப் படையின் விமானப் பிரிவு. உங்கள் தந்தை எதில் இருந்தார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.

எங்களுக்கு அது தெரிய வந்தது மாமியார் காலமாகி வீட்டை ஒதுக்கும்போது. தையல் பெட்டிக்கு அடியில் மாமாவின் லாக் புக் இருந்தது. ஒரு பறப்புக்கு ஒரு வரி: தேதி, விமானத்தின் வகை, அதன் எண், கூடப் பறந்தவர்கள், எத்தனை மணி நேரம். இரவு நேரங்கள் சிவப்பு மையில். 1942 ஆகஸ்ட்டுக்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் ‘சைனா பே’ என்று எழுதியிருந்தது. “இதோ சீனா” என்றார் கணவர். எனக்குக் கை நடுங்கியது. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். அது சீனா இல்லை, எங்கள் சீனன்குடா. சின்ன வயதில் கொழும்பிலிருந்து ரயிலில் வரும்போது சீனன்குடா ஸ்டேஷன் வந்தால் அம்மா பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார், அடுத்தது வீடு.

நடந்தது இதுதான். 1940 மே மாதம் ஜெர்மனி படையெடுத்தபோது கடல் விமானங்களோடு தப்பிய எம்எல்டிக்காரர்களைக் கொண்டு, வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் 320, 321 என்ற எண்கள் கொண்ட ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானக் குழுக்கள், உருவாயின. 1941-இல் 321-ஐ 320-உடன் சேர்த்துவிட்டார்கள். 1942 மார்ச்சில் டச்சுக் காலனியில் இருந்த ஜாவா தீவு ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கிருந்து கேட்டலினா என்ற பறக்கும் படகுகளில் இலங்கைக்குத் தப்பி வந்தவர்களைக் கொண்டு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சீனன்குடாவில் 321 மறுபடி உயிர் பெற்றது. இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் கப்பல்களுக்குக் காவல் போவதும் அவர்கள் வேலை. ஒரு தடவை ஏறினால் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் இருப்பார்கள்.

உங்கள் தந்தை ஸ்பிட்ஃபயர் ஓட்டினார் என்று வீட்டில் பேச்சிருந்தால் 1943-இல் தொடங்கிய 322 ஸ்குவாட்ரனைப் பாருங்கள். ஆஸ்திரேலியா என்று பேச்சிருந்தால் மிட்செல் குண்டுவீச்சு விமானங்களின் 18, அல்லது கிட்டிஹாக் சண்டை விமானங்களின் 120. அந்த இரண்டும் ஆஸ்திரேலிய விமானப்படையின் கீழ் இருந்ததால் கான்பெராவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். மிசிசிப்பியின் ஜாக்சனில் எடுத்த படம் இருந்தால் குழம்ப வேண்டாம், டச்சு விமானிகளுக்கு அங்கே பயிற்சிப் பள்ளி இருந்தது. ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டவர் என்றால் நெதர்லாந்தின் டென் ஹாக்கில் (தி ஹேக்) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்க் கைதிகளின் அட்டைகள் இருக்கின்றன.

தனிநபர் கோப்புக்கு டச்சு பாதுகாப்பு அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்களிடம் இறப்புச் சான்றும் உறவைக் காட்டும் சான்றும் கேட்டார்கள். அப்புறம், அந்தக் கோப்பு வந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பதவி உயர்வு, இடமாற்றம், பதக்கம் என்று வறண்டுதான் இருக்கும். ஆளைக் காட்டுவது லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ள ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள். ஏர் 27 என்ற வரிசையில் தேடுங்கள். எந்த நாள் எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, உள்ளே யார் யார் இருந்தார்கள், என்ன கண்டார்கள் என்று இருக்கும்.

பெயர் விஷயத்தில் கவனம். ‘ஃபான்’, ‘டெ’ என்று தொடங்கும் பெயர்களை டச்சுக்காரர்கள் அடுத்த சொல்லின் எழுத்தில் அடுக்குவார்கள், ஆங்கிலேயர்கள் முன்னால் இருக்கும் சொல்லில் அடுக்குவார்கள். எங்கள் பெயரும் அப்படித்தான். போதாததற்கு, நாட்குறிப்பில் அதையே மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு, லாக் புக்கில் இருந்த தேதியையும் விமான எண்ணையும் வைத்துத் தேடினோம். முதல் பக்கத்திலேயே பொருந்தியது. மாமாவின் கையெழுத்தில் சிவப்பு மையில் இருந்த அதே இரவு, தட்டச்சில். பதினேழு மணி நேரம், ‘எதுவும் தென்படவில்லை’. கணவர் அந்த வரியை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.

லாக் புக் இல்லையென்றால் பழைய படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். டெல்ஃபர் என்ற இணையதளத்தில் பழைய டச்சுப் பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, காலனிப் பத்திரிகைகளும் உண்டு. விமானிகளுக்கான பதக்கம் வாங்கியிருந்தால் அதை வழங்கிய அரச ஆணையில் காரணம் எழுதியிருக்கும்.

பிறகு ஒரு விடுமுறையில் கணவரோடு ஊருக்குப் போனேன். அந்த விமானத்தளம் இப்போது இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி, அதனால் உள்ளே போகவில்லை. சீனன்குடா ஸ்டேஷனில் இறங்கினோம். பெயர்ப் பலகைக்குக் கீழே லாக் புக்கைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.