காலையில் முதல் பத்தடிக்கு மட்டும் குதிகால் வலிக்கிறதா?

கேள்வி: வயது 41. பல வருட இடைவெளிக்குப் பிறகு, இரண்டு மாதமாக வாரம் ஐந்து நாள் ஷட்டில் ஆடுகிறேன். மறுநாள் இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிவிடுகின்றன. போதாததற்கு, மூன்று வாரமாக வலது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம் ஒரு வலி. காலையில் எழுந்ததும் முதல் பத்தடி நொண்டுகிறேன், அப்புறம் சரியாகிவிடுகிறது. ஆடும்போதும் உடம்பு சூடானதும் தெரிவதில்லை. ஸ்பிரே அடிக்கிறேன், படிக்கட்டு விளிம்பில் நின்று காலை நன்றாக இழுத்துவிடுகிறேன். பலனில்லை. விளையாட்டை நிறுத்திவிட வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டாம். ஆனால் நீங்கள் ஒரே வலியாக நினைத்து வைத்தியம் பார்ப்பது இரண்டு வெவ்வேறு வலிகளுக்கு. ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உதவாது.

கெண்டைக்கால் இறுக்கம் பழக்கமில்லாத வேலை செய்த தசையின் வலி. ஆடிய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது' என்று பலரும் சொல்வார்கள்; அது உண்மையில்லை. ஆட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே அது ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவும், அதை உடம்பு சரிசெய்வதும்தான் இந்த வலி. நிதானமான நடை, மென்மையாகப் பிடித்துவிடுவது, வெந்நீர், நல்ல தூக்கம் இவை போதும்.

என் கவலை அந்தக் குதிகால் வலியைப் பற்றியது. கெண்டைக்கால் தசைகளைக் கீழே ஒன்றுசேர்த்துக் குதிகால் எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்தான் குதிநாண். உடம்பிலேயே தடிமனான நாண் அதுதான். ஓடும்போது நம் எடையைப் போல் ஆறேழு மடங்கு சுமை அதில் இறங்கும். தசை சில வாரங்களில் பலம் பெறும். நாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். பல வருடம் சும்மா இருந்த நாணை வாரம் ஐந்து நாள் எம்பிக் குதிக்க வைத்தால் அது முறையிடத்தானே செய்யும்?

உட்கார்ந்து கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நாணை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்து, குதிகாலிலிருந்து மேல்நோக்கி நகர்த்திப் பாருங்கள். எலும்புக்கு மேலே 2 முதல் 6 செ.மீ.க்குள் ஓரிடத்தில் சுருக்கென்றால் அது நாணின் நடுப்பகுதி. எலும்பில் ஒட்டுமிடத்திலேயே வலித்தால் படிக்கட்டில் குதிகாலைத் தொங்கவிட்டு இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்த நிலையில் நாண் எலும்போடு அழுந்தி வலி கூடும்.

முழு ஓய்வும் இதற்கு மருந்தல்ல. ஓய்வில் வலி குறையும், நாண் பலவீனமாகவே இருக்கும், மறுபடி ஆடியதும் வலி திரும்ப வரும். நாணுக்குத் தேவை அளவான, மெதுவான சுமை. முதல் ஒரு வாரம், சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் உயர்த்தி 45 விநாடி அசையாமல் நில்லுங்கள். இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஐந்து முறை. அப்புறம் சமதரையில் நின்று, குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி மூன்று விநாடியில் இறக்குங்கள். 15 முறை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்காலை நீட்டியும் செய்ய வேண்டும், சற்று மடக்கியும் செய்ய வேண்டும், ஏனென்றால் மடக்கும்போது கெண்டைக்காலின் உள்தசைக்கு வேலை அதிகம். சுலபமானதும் ஒற்றைக்காலில், பிறகு முதுகில் கனமான பையோடு. 12 வாரம் விடாமல் செய்யுங்கள். மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் மாறவில்லையே' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

செய்யும்போது பத்துக்கு மூன்று நான்கு அளவில் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை அந்த முதல் பத்தடியைக் கவனியுங்கள். நேற்றைவிட அதிகமாக நொண்டினால் சுமை கூடிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கும் இதே கணக்குதான். இப்போதைக்கு வாரம் இரண்டு நாள், இடையில் இரண்டு நாளாவது இடைவெளி. ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் ஒரு செ.மீ. உயரத்துக்குப் பட்டை வைத்தால் கொஞ்ச நாளைக்கு இதமாக இருக்கும். ஸ்பிரேயோ மாத்திரையோ போட்டுக்கொண்டு களம் இறங்குவது மட்டும் வேண்டாம், எச்சரிக்கை மறைந்துவிடும். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் வேண்டாம், அறுந்துபோகும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சமீபத்தில் சாப்பிட்டீர்களா? அவையும் நாணைப் பாதிக்கக்கூடியவை. உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'டப்'பென்று உணர்ந்து, அந்தக் காலால் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நடக்காதபோதும் வலித்தால், அது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். அப்போது கெண்டைக்காலைப் பிடித்துவிடவே கூடாது, உடனே காட்ட வேண்டும். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.