ஒரே மேடையில் பாக் குடும்பத்தின் மூன்று தலைமுறை

கேள்வி: பாக் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படைப்புகளை அந்தந்தக் காலக் கருவிகளிலேயே ஒரு மாலைக் கச்சேரியில் வாசிக்க நினைக்கிறேன். எதை எதில் வாசிப்பது?

பதில்: ஜெர்மனியின் ஐசனாக் நகர ஆர்கன் கலைஞர் யோஹான் கிறிஸ்டோஃப் பாகிலிருந்து (1642–1703) தொடங்குங்கள். புகழ்பெற்ற யோஹான் செபாஸ்டியன் பாகுக்கு (1685–1750) அவர் பெரியப்பா முறை. கிறிஸ்டோஃபின் 'ஆரியா எபர்லினியானா' (1690) ஹார்ப்சிகார்டில் (தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கட்டைக் கருவி) நன்றாக எடுபடும். செபாஸ்டியனுக்கும் அதே கருவிதான். ஒரு பார்ட்டிட்டா (நடன வகைகளின் தொகுப்பு) போதும், அவருடைய பிள்ளைகளின் படைப்புகளுக்கு நேரம் வேண்டும். மூத்த மகன் ஃப்ரீடமானின் பொலொனேஸ்களில் (போலந்து நடன வகை) இரண்டைச் சேர்க்கலாம்.

இன்னொரு மகன் எமானுவேலுக்கு (1714–1788) மட்டும் கிளாவிகார்டை (மெல்லிய ஓசையுள்ள கட்டைக் கருவி) விட்டுக்கொடுக்காதீர்கள். ஹார்ப்சிகார்டில் இறகுமுனை தந்தியைச் சுண்டிவிட்டு விலகிவிடும்; கட்டையை எப்படி அழுத்தினாலும் ஓசை அநேகமாக ஒரே அளவுதான். கிளாவிகார்டிலோ விரல் கட்டையில் இருக்கும்வரை பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டபடியே இருக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுரம் அசையும். கமகத்தின் சாயல் தெரியும். இதற்குப் பெபுங் என்று பெயர். ஒரே சுரத்தின் மேல் வில்கோடும் அதற்குள் புள்ளிகளும் இருந்தால் அங்கே பெபுங் செய்ய வேண்டும். பியானோ பழகிய கை அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். தயங்கித் தொட்டால் தந்தி கரகரக்கும். சில்பர்மான் என்ற கருவி வினைஞர் செய்த தன் கிளாவிகார்டைப் பிரிந்தபோது எமானுவேல் எழுதிய 1781 ரோண்டோவில் (முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம்) இந்தக் கருவியின் குணமெல்லாம் தெரியும்.

கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியான் (1735–1782) லண்டன்வாசி. 1768-லேயே அங்கு பொதுக் கச்சேரியில் பியானோவைத் தனியாக வாசித்தவர். அவருடைய ஓபஸ் 5 சொனாட்டாக்களில் ஒன்றைச் சதுர பியானோவில் (செவ்வகப் பெட்டி வடிவ அக்காலப் பியானோ) வாசித்து முடியுங்கள்.

கேள்வி: கிளாவிகார்ட் பின்வரிசைக்குக் கேட்குமா?

பதில்: பெரிய அரங்கில் கேட்காது. முப்பது, நாற்பது பேர் அமரும் அறையே ஏற்றது. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுங்கள். ஹார்ப்சிகார்ட் முடிந்த கையோடு தொடங்கினால் காது பழகாது. இடைவேளைக்குப் பின் முதலில் வையுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், கட்டை விழும் சத்தமும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

கேள்வி: நிகழ்ச்சியின் நடுவே சுருதி கலைகிறதே?

பதில்: ஈரப்பதம் ஏறினால் ஒலிப்பலகை உப்பித் தந்தியை இழுக்கும், சுருதி ஏறும். காற்று உலர்ந்தால் இறங்கும். கருவிகளைச் சில மணி நேரம் முன்பே அறைக்குக் கொண்டுவந்து, மேடை விளக்குகளை எரியவிட்டே சுருதி கூட்டுங்கள். மூன்றுக்கும் ஒரே சுருதியை முன்கூட்டியே தீர்மானியுங்கள்: ஒன்றில் A சுரம் 415 ஹெர்ட்ஸிலும் மற்றொன்றில் 440-லும் இருந்தால் ஏறக்குறைய அரைச்சுர இடைவெளி காதில் உறுத்தும். இடைவேளையில் சரிபார்க்க 20 நிமிடமாவது ஒதுக்குங்கள்.