வெள்ளை மூட்டத்துக்குக் காரணம் விளக்கின் இடம்தான்

வணக்கம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பண்ணையில் முயல்களைக் கட்டுப்படுத்த, .22 துப்பாக்கியின் ஸ்கோப்புக்கு (குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு) பின்னால் மாட்டிய டிஜிட்டல் இரவுக் கருவியில் வெறும் வெள்ளை மூட்டம் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கருவியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பெரும்பாலும் கருவியிலுள்ள அகச்சிவப்பு விளக்கின் ஒளி சைலன்சரிலோ ஸ்கோப்பின் விளிம்பிலோ பட்டுத் திரும்புகிறது. எனக்கும் இதே தொல்லை இருந்தது. தனி விளக்கு ஒன்றை ஸ்கோப்பின் முன்முனை அருகே, சற்று மேலே பொருத்தியதும் தீர்ந்தது. மூடுபனியும் அருகிலுள்ள உயரப் புல்லும்கூட இப்படி வெளுக்கச் செய்யும்.

அடுத்து, வரிசை முக்கியம். முதலில் கருவியின் வளையத்தைத் திருப்பி, ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக்கோடுகளைக் கூர்மையாக்குங்கள். பிறகுதான் ஸ்கோப்பின் பாரலாக்ஸ் குமிழால் (தூரத்துக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்யும் குமிழ்) இலக்கைத் தெளிவாக்க வேண்டும். உருப்பெருக்கம் 4 அல்லது 5 போதும். 850 நானோமீட்டர் விளக்கின் மங்கிய செந்நிறத்துக்கு முயல்கள் மிரண்டால் 940க்கு மாறலாம். ஆனால் தூரம் குறையும். நான் 850ஐ விடமாட்டேன்.

கண் மினுங்குவதை மட்டும் நம்பிச் சுடவே கூடாது. ஆட்டுக்கும் நாய்க்கும் அப்படித்தான் மினுங்கும். உடல் முழுதும் தெரியட்டும்.

உங்கள் ஸ்கோப்பில் பாரலாக்ஸ் குமிழ் இருக்கிறதா? 100 கெஜத்துக்கு நிலையாக அமைத்ததென்றால், 40 மீட்டரில் நிற்கும் முயல் மங்கலாகவே தெரியும். ஸ்கோப்பைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.