பெல்ட் எலும்பில் பிடிக்கவேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு உயரம் குறைவு. கிளட்ச் எட்டவேண்டும் என்பதற்காக சீட்டை முழுக்க முன்னால் தள்ளித்தான் ஓட்டுகிறேன், ஸ்டியரிங் கிட்டத்தட்ட நெஞ்சைத் தொடுகிறது. ஆபத்து என்கிறார்கள். பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை. என்னதான் செய்வது?

பதில்: ஆபத்து என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டியரிங் நடுவில் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக், கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் விரிந்துவிடும். விரிந்து முடிந்த பை உங்களைத் தாங்கும், விரிந்துகொண்டிருக்கும் பை உங்களை அடிக்கும். அதனால்தான் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்கவேண்டும் என்பது. வீட்டில் பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேல் இருக்கும், அதை எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் வழக்கம்போல் உட்கார்ந்து அளந்து பாருங்கள். கண்ணளவை நம்பாதீர்கள்.

சரி, எப்படி அந்த இடைவெளியைக் கொண்டுவருவது? வண்டி நின்றுகொண்டிருக்கும்போது செய்யுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ், போன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். இடுப்பை சீட்டும் முதுகுச்சாய்வும் சேரும் மூலைவரைக்கும் தள்ளி உட்காருங்கள். சீட்டின் உயரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் அடுத்து அதைச் செய்யுங்கள், ஏனென்றால் கால் எட்டாமல் முன்னால் போகிறவர்களைப் போலவே சாலை தெரியாமல் முன்னால் போகிறவர்களும் நிறைய, நீங்கள் இரண்டாவது வகையாகவும் இருக்கலாம். பிறகு கிளட்சைத் தரைவரை மிதித்துக்கொண்டே சீட்டை நகர்த்துங்கள். முழுக்க மிதித்த நிலையிலும் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கவேண்டும். நுனிவிரலால் எட்டிப்பிடிப்பது கணக்கில் வராது, பாதத்தின் முன்பகுதி முழுக்கப் படவேண்டும். கிளட்ச் இல்லாத வண்டி என்றால் பிரேக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலுக்கு சரியாகிவிட்டதா? இப்போது முதுகுச்சாய்வு. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த 25 செ.மீ. பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். கால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சாய்வை மட்டும் ஓரிரு படி பின்னால் விடுங்கள். தோள் இரண்டும் சீட்டில் ஒட்டியிருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும், அதற்குமேல் சாயக்கூடாது. ஸ்டியரிங்கை உள்ளே தள்ளவும் இறக்கவும் முடிகிற வண்டியானால் அதையும் செய்யுங்கள், ஏர்பேக் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி. இவ்வளவுக்குப் பிறகும் இடம் போதவில்லையென்றால் பெடலை உயர்த்தும் இணைப்புகள் இருக்கின்றன. அதை விவரம் தெரிந்தவரிடம் மட்டுமே பொருத்துங்கள், கட்டையை வைத்துக் கட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, சீட்டை நகர்த்தி முடித்ததும் உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, 'டக்'கென்று லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லாக் விழாத சீட் பிரேக் அடிக்கிற நேரத்தில் நகர்ந்தால் கால் பெடலை விட்டே போய்விடும்.

கேள்வி: பெல்ட் கழுத்தை அறுக்கிறது. அதனால் தோள் பட்டையைக் கைக்கு அடியில் விட்டுப் போட்டுக்கொள்கிறேன். இடுப்பில்தான் இருக்கிறதே, போதாதா?

பதில்: போதாது. தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பெல்ட் போட்டோமா இல்லையா என்று மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறோம், அது உடம்பில் எங்கே படுகிறது என்று பார்ப்பதில்லை. மோதும்போது வரும் இழுப்பைத் தாங்கக்கூடிய இடங்கள் நம் உடம்பில் சில மட்டுமே. இரண்டு பக்க இடுப்பெலும்பு, தோளின் காறையெலும்பு, நடுநெஞ்செலும்பு. அவ்வளவுதான். கைக்கு அடியில் விட்டால் பட்டை கீழ்விலா எலும்புகள்மேல் விழும். அவை மெல்லியவை, அவற்றுக்குப் பின்னால் ஒரு பக்கம் கல்லீரல், மறுபக்கம் மண்ணீரல். இரண்டுமே கிழிந்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும் உறுப்புகள். அதோடு மேலுடம்பைப் பிடிக்க எதுவும் இல்லாததால் தலை நேராக முன்னால் போய் மோதும்.

இந்த மூன்றுமுனை பெல்ட்டை 1959-இல் வோல்வோ நிறுவனத்தில் உருவாக்கியவர் நில்ஸ் போலின். அதற்கு முன் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் அமைப்புகளில் வேலை பார்த்தவர், உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு பட்டை நெஞ்சுக்குக் குறுக்கே, ஒன்று மடிக்குக் குறுக்கே, இரண்டும் இடுப்போரம் ஒரே இடத்தில் சேரவேண்டும், ஒரே கையால் மாட்ட முடியவேண்டும். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ திறந்தே விட்டது. தோள் பட்டையைக் கைக்கு அடியில் தள்ளும்போது அந்த மூன்று முனையில் ஒன்றை நீங்களே கழற்றிவிடுகிறீர்கள்.

கழுத்தில் உரசுவதற்குத் தீர்வு இருக்கிறது. கதவை ஒட்டிய தூணில் பெல்ட் தொங்கும் வளையத்தைப் பாருங்கள், பல வண்டிகளில் அங்கே ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் வளையம் மேலும் கீழும் நகரும். பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் போகும்படி வையுங்கள். அது இல்லாத வண்டியில் சீட்டை உயர்த்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள். பெல்ட்டைத் தளர்த்திப் பிடித்துவைக்கும் கிளிப் மட்டும் வாங்காதீர்கள். அது விடுகிற தளர்வு அவ்வளவும் நீங்கள் முன்னால் பாயும் தூரம்.

கேள்வி: மனைவிக்கு ஏழாவது மாதம். வயிற்றில் பெல்ட் அழுத்துமே என்று போடவேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: அவர்களின் அக்கறை புரிகிறது, ஆனாலும் போடத்தான் வேண்டும். பெல்ட் இல்லாமல் வயிறு ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ மோதுவதைவிட மோசமாக எதுவும் நடந்துவிடாது. போடும் முறையில்தான் கவனம் வேண்டும். மடிப் பட்டையை வயிற்றுக்கு மேலே விடாமல் வயிற்றுக்கு அடியில், தொடை மடிப்பை ஒட்டி, இடுப்பெலும்பில் படும்படி தாழ்த்தி விடச் சொல்லுங்கள். தோள் பட்டை இரு மார்புக்கும் நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போகவேண்டும். மாட்டியபிறகு தோள் பட்டையை மெதுவாக மேல்நோக்கி ஒரு இழுப்பு, மடியில் இருக்கும் தளர்வு போய்விடும். மாதம் ஏற ஏற சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் விடுங்கள். முடிந்தால் வேறு யாராவது ஓட்டட்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். சின்ன மோதல்தான், அடி எதுவும் படவில்லை என்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெளியே காயமே இல்லாமல் நஞ்சுக்கொடி பிரிந்துவிட வாய்ப்பு உண்டு.

கேள்வி: பின்சீட்டில் பெல்ட் அவசியமா? முன்னால் சீட் தடுக்கிறதே.

பதில்: அந்தத் தடுப்பில்தான் மோதுகிறோம். 50 கி.மீ. வேகத்தில் போய் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சீட்டின் முதுகுமேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதைவிட, அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட்டும் போட்டு எல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பார், பின்னால் இருந்து வருகிற உங்கள் எடை அவரை நசுக்கும்.

பின்சீட் பெல்ட் போடாததற்கு மனசு மட்டும் காரணமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வண்டியில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து பெல்ட் மாட்டப் போனபோது மாட்டுகிற வாயையே காணோம். சீட் கவர் போட்டவர் அதைக் கவருக்கு அடியில் விட்டு இழுத்துத் தைத்திருந்தார். இடுக்கில் விரலை விட்டுத் துழாவினால் பேனா மூடி வருகிறது, சில்லறை வருகிறது, பெல்ட்டின் வாய் மட்டும் வரவில்லை. கவரைக் கழற்றி மூன்று வாய்களையும் மேலே எடுத்துவிட்ட பிறகு அம்மா யாரும் சொல்லாமலே போட்டுக்கொள்கிறார். உங்கள் வண்டியிலும் ஒருதரம் பாருங்கள். கவர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை மூடும் கவர் போடவே கூடாது.

கேள்வி: அவசரமாக இழுத்தால் பெல்ட் வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறது. ரிப்பேரா?

பதில்: இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே சுருளில் இரண்டு காவல். பட்டை வேகமாக உருவப்பட்டால் ஒன்று பூட்டும். வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ உள்ளிருக்கும் சிறு குண்டு நகர்ந்து இன்னொன்று பூட்டும், மேட்டில் நிறுத்திய வண்டியில் பெல்ட் வராததற்கு இதுதான் காரணம். கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு மெதுவாக இழுங்கள். மாறாக, வெடுக்கென்று இழுத்தும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அதுதான் கவலைப்படவேண்டிய பெல்ட்.

கேள்வி: நீண்ட பயணத்தில் முன்சீட்டைச் சாய்த்துத் தூங்கலாமா, பெல்ட் போட்டுக்கொண்டுதான்?

பதில்: வேண்டாம். படுத்த உடம்பு மோதும்போது பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும், இடுப்பில் இருந்த பட்டை வயிற்றுக்கு ஏறும், தோள் பட்டை ஏற்கெனவே நெஞ்சைவிட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். காலை டேஷ்போர்டின்மேல் போடுவதும் வேண்டாம், ஏர்பேக் அதற்கு அடியில்தான் இருக்கிறது. தூக்கம் வந்தால் நிமிர்ந்த சீட்டிலேயே தலையை ஹெட்ரெஸ்ட்டில் வைத்துத் தூங்குங்கள். அந்த ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை அளவுக்கு இருக்கட்டும், பின்னந்தலையிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குமேல் விலகவேண்டாம். பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான்.

கேள்வி: எட்டு வயது மகன் பெரியவர்கள் பெல்ட்டையே போட்டுக்கொள்ளலாமா? கைக்குழந்தையை நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

பதில்: கைக்குழந்தையை முதலில் சொல்கிறேன். 10 கிலோ குழந்தை, 50 கி.மீ. வேகம், வண்டி பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் உங்கள் கைக்கு அது ஏறக்குறைய 140 கிலோ. எந்தத் தாயாலும் தகப்பனாலும் அதைப் பிடிக்க முடியாது, பாசம் குறைவு என்று யாரும் சொல்லப்போவதில்லை. குழந்தை இருக்கை வாங்குங்கள், பின்நோக்கிப் பார்க்கிற வகையானால் ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள், பின்சீட்டில்தான்.

மகனுக்கு வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பொதுவாக 145 செ.மீ. வரைக்கும் பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் கூடுதல் இருக்கை, தேவைப்படும், நாட்டுக்கு நாடு சட்டம் 135 என்றும் 150 என்றும் மாறும். வண்டியிலேயே சோதித்துவிடலாம். முதுகு முழுக்கச் சாய்வில் ஒட்டியிருக்க, முழங்கால் சீட் விளிம்பில் மடங்கவேண்டும், பாதம் தரையில் படவேண்டும், மடிப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பில் இருக்கவேண்டும், தோள் பட்டை கழுத்தில் ஏறாமல் இருக்கவேண்டும். முழங்கால் விளிம்புவரை வராத பையன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே சரிந்து முன்னால் வந்துவிடுவான், அப்போது பட்டை நேராக வயிற்றுக்குப் போய்விடும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். பெல்ட்டில் எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: முழு நீளத்தையும் கடைசிவரை வெளியே இழுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நமக்குத் தினமும் கண்ணில் படுவது முதல் பாதிதான். ஓரம் பிசிறடித்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, வளையம் உரசும் இடத்தில் பட்டை உருகினாற்போலப் பளபளவென்று இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் அது பெரிய மோதலில் ஒருமுறை இழுபட்ட பெல்ட்டாக இருக்கலாம், மாற்றிவிடுங்கள். மோதியவுடன் பெல்ட்டை உள்ளிழுக்கும் அமைப்பு இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் உண்டு, வெடிமருந்தில் இயங்கும் அது ஒரு தடவைக்குத்தான். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெல்ட் மெதுவாக உள்ளே போகிறது என்றால் பெரும்பாலும் அழுக்குதான். முழுக்க இழுத்து ஒரு கிளிப்பால் பிடித்துவைத்து, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மிதமான சோப்பு கலந்து துணியால் துடையுங்கள், தூண் வளையத்தின் உள்பக்கத்தையும் துடையுங்கள், கறுப்பாக ஒட்டியிருக்கும். பிளீச், சாயம் எதுவும் கூடாது, நூலின் வலு போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகே கிளிப்பை எடுத்து உள்ளே விடுங்கள்.