இரவில் அடிவானம் மறைந்தால்

கேள்வி: என் மகள் விமானம் ஓட்டக் கற்கிறாள். பகலில் தனியாகப் பறந்துவிட்டாள், அடுத்து இரவுப் பயிற்சி. பாடகர் பட்டி ஹாலி இறந்த விபத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எஞ்சின் பழுது, துப்பாக்கிச் சூடு என்று ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? மகளிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: துப்பாக்கியை முதலில் ஒதுக்கிவிடலாம். பனி உருகிய பிறகு வயலில் ஹாலியின் கைத்துப்பாக்கி கிடைத்தது, வதந்தி அங்கே முளைத்தது. 2007-ல், ஹாலியோடு இறந்த பாடகர் ஜே. பி. ரிச்சர்ட்சனின் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். குண்டுக் காயம் எதுவும் இல்லை. எஞ்சினும் மோதும்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

1959 பிப்ரவரி 2 இரவு, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக்கில் கச்சேரி முடிந்தது. சுற்றுப்பயணப் பேருந்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்மர் கால் விறைத்து மருத்துவமனையில் கிடந்தார். அதனால் ஹாலி பீச்கிராஃப்ட் பொனான்சா என்ற சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்தார், தலைக்கு 36 டாலர். காய்ச்சலில் இருந்த ரிச்சர்ட்சனுக்கு ஹாலியின் குழுவில் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ் தன் இடத்தைக் கொடுத்தார். 17 வயதுப் பாடகர் ரிச்சி வேலன்ஸ் நாணயம் சுண்டி ஜெயித்து ஏறினார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன் பக்கத்து ஊரான மேசன் சிட்டியிலிருந்து விமானம் கிளம்பியது. விமானத்தின் வால் விளக்கு மெல்லத் தாழ்ந்து மறைவதை அதன் உரிமையாளர் தரையிலிருந்து பார்த்தார். காலையில் ஒரு வயலில் கிடந்தது; விமானி உட்பட நால்வரும் இறந்திருந்தார்கள்.

விமானி ராஜர் பீட்டர்சனுக்கு 21 வயது, 711 மணி நேர அனுபவம். புதியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் சோதனையில் முந்தைய ஆண்டு தேறவில்லை. அன்று மேகம் மூடியிருந்தது, இலேசான பனிப்பொழிவு, கீழே விளக்கில்லாத வயல்வெளி. வானம் எங்கே, தரை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில், உடலின் சமநிலையை உணர்த்தும் நம் உட்காது பொய் சொல்லும். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து வளையும் விமானத்தில், கொஞ்ச நேரத்திலேயே நேராகப் போவதாகத் தோன்றிவிடும். சாய்வு கூடக் கூட மூக்கு தாழும், வேகம் ஏறும்.

அப்போது நம்ப வேண்டியது, விமானத்தின் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் அடிவானக் கருவியை. அங்கேயும் ஒரு சிக்கல். அந்த விமானத்தில் இருந்தது ஸ்பெர்ரி எஃப்3 கைரோ என்ற வகை. அவர் பழகிய கருவி மூக்கின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் விதத்துக்கு நேரெதிராக இது காட்டும். இறங்கிக்கொண்டிருந்ததை ஏறுவதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை. மோதும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 170 மைல், வலது இறக்கை முதலில் தரையைத் தொட்டது. வானிலை மோசமாகப் போகிறது என்ற இரண்டு எச்சரிக்கைகளும் அவரை எட்டவில்லை. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. தெரிந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, மகளிடம் கேட்க வேண்டியவை. வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறாள்? இரவில் ஏறப்போகும் விமானத்தின் கருவிப் பேனல், பகலில் பழகிய அதே பேனல்தானா? வேறென்றால், முதலில் ஆசிரியரோடு தரையில் உட்கார்ந்து, மூக்கு ஏறினால் எது நகரும், இறங்கினால் எது நகரும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் வானிலைத் தகவல்: கிளம்பும் நேரத்தில் அவளே மறுபடி கேட்டு வாங்க வேண்டும், மாலையில் பார்த்தது போதாது.

இன்னொன்று உங்களுக்கு. 'இன்றைக்குப் பறக்கவில்லை, வானம் சரியில்லை' என்று அவள் வீடு திரும்பினால், வீணாய்ப்போன பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.